மாதிரி விமானம் சொல்லும் வரலாறு

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பயணம் செய்பவர்களுக்கு யோங் பெங் நன்கு அறிமுகமான ஊர். ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தில் அமைந்துள்ள இச்சிறு நகரத்தில் வாகனத்தை நிறுத்தி, உணவருந்தி, இளைப்பாறிச் செல்வோர் பலர். அங்கிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலை, புக்கிட் பெலாண்டோக் குன்றுப்பகுதியைக் கடந்து பாரிட் சூலோங் என்னும் ஊரை அடைகிறது. இன்று செம்பனைத் தோட்டங்களுக்கு இடையே அமைதியாகக் கிடக்கும் இச்சாலை, 1942-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு கடும்போரைக் கண்டது.

அம்மாதம் மூவார் பகுதியில் ஜப்பானியப் படையை எதிர்த்துப் போரிட்ட ஆஸ்திரேலிய, இந்திய வீரர்கள் யோங் பெங்கை நோக்கிப் பின்வாங்கினர். வழியில் பாரிட் சூலோங் பாலத்தை ஜப்பானியர் ஏற்கெனவே கைப்பற்றியிருந்தனர். முன்னும் பின்னும் செல்ல வழியின்றி வீரர்கள் சிக்கிக்கொண்டனர். ஜனவரி 22-ஆம் நாள் காலையில் சிங்கப்பூரிலிருந்து பறந்து வந்த விமானங்கள் அவர்களுக்கு உணவையும் வலிநீக்கும் மருந்தையும் வானிலிருந்து போட்டன. அவ்விமானங்களுக்குப் பாதுகாப்பாகப் ‘பஃபலோ’ என்னும் போர் விமானங்கள் உடன் பறந்தன. பின்னர், நடக்க இயன்றவர்கள் சதுப்பு நிலத்தையும் காட்டையும் கடந்து சென்றனர். ஏறத்தாழ 500 ஆஸ்திரேலியரும் 400 இந்தியரும் யோங் பெங்கிலிருந்த நேசப்படையை அடைந்தனர். நகர முடியாமல் விட்டுச்செல்லப்பட்ட காயமுற்ற வீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

அன்று அவ்வானில் பறந்த பஃபலோ விமானத்தை இன்று நேரில் காண இயலுமா? இயலாது. மலாயாவில் போரிட்ட பஃபலோ விமானங்களில் ஒன்றுகூட முழுமையாக எஞ்சவில்லை. எனவே, அதன் வடிவத்தை முப்பரிமாணத்தில் அறிந்துகொள்ள உதவும் வழிகளுள் ஒன்று, நெகிழியால் ஆன அளவு மாதிரி. பலர் இதனைச் சிறுவர் விளையாட்டுப் பொருள் என எண்ணுகின்றனர். முறையாகக் கட்டப்பட்ட மாதிரி விமானமோ கணிதமும் அறிவியலும் வரலாறும் ஒன்றுசேர்ந்த ஓர் ஆய்வுப் படைப்பாகும்.

பஃபலோவின் கதை

பஃபலோ விமானத்தை அமெரிக்காவின் புரூஸ்டர் நிறுவனம் உருவாக்கியது. அதன் முதல் மாதிரி 1937-ஆம் ஆண்டு டிசம்பரில் பறந்தது. குட்டையான, பீப்பாய் போன்ற உடல். அதன் முன்புறத்தில் வட்டமாக அடுக்கப்பட்ட ஒன்பது உருளைகளைக் கொண்ட இயந்திரம். உடலின் நடுவே பொருத்தப்பட்ட இறக்கைகள். இத்தோற்றத்தைப் பார்த்தால் அதன் பெயர் பொருத்தமானது என்றே தோன்றும்.

பிரிட்டன் 170 பஃபலோ விமானங்களை வாங்க உடன்பட்டது. ஐரோப்பாவில் நடந்த வான்போருக்கு அவை ஈடுகொடுக்கா எனக் கருதப்பட்டதால், பெரும்பாலானவை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. கூடுதல் கருவிகளும் பாதுகாப்புத் தகடுகளும் சேர்க்கப்பட்டதால் விமானத்தின் எடை கூடியது. உயரே ஏறும் வேகம் குறைந்தது. விமானிகளில் பலர் போர் அனுபவம் இல்லாத இளைஞர்கள். 1941 டிசம்பரில் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலான பஃபலோக்கள் அழிந்தன.

அதே விமானத்தின் எடை குறைந்த வகையைப் பின்லாந்து நாடு பயன்படுத்தியது. அங்கே அது சிறப்பாகப் போரிட்டது. பின்லாந்தின் பஃபலோ ஒன்று 1998-ஆம் ஆண்டு ரஷ்யாவிலுள்ள ஓர் ஏரியிலிருந்து மீட்கப்பட்டது. உலகில் முழு உருவில் எஞ்சியுள்ள பஃபலோ அது ஒன்றே. ஒரே வடிவமைப்பு ஓரிடத்தில் வெற்றியையும் மற்றோரிடத்தில் தோல்வியையும் கண்டது. ஓர் இயந்திரத்தின் தரத்தை மதிப்பிடும்போது அதன் எடை, இயக்குபவரின் பயிற்சி, எதிர்கொள்ளும் எதிரி ஆகியவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

அளவு என்னும் கணக்கு

மாதிரி விமானப் பெட்டியின் மேல் 1:72, 1:48, 1:32 போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். இவை அளவு விகிதங்கள். 1:72 என்றால் உண்மை விமானத்தின் நீளத்தில் 72-இல் ஒரு பங்கு என்று பொருள். ஆறடி உயரமுள்ள மனிதர் இவ்விகிதத்தில் சரியாக ஓர் அங்குல உயரம் இருப்பார்.

பஃபலோ விமானத்தின் ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு இறக்கை நுனிவரை உள்ள தூரம் 10.67 மீட்டர், அதாவது 1067 சென்டிமீட்டர். இதனை 72-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14.8 சென்டிமீட்டர் வரும். 48-ஆல் வகுத்தால் 22.2 சென்டிமீட்டர். 32-ஆல் வகுத்தால் 33.3 சென்டிமீட்டர். முதலாவது உள்ளங்கையில் அடங்கும். மூன்றாவதற்குப் புத்தக அலமாரியில் தனியிடம் வேண்டும்.

இக்கணக்கைத் திருப்பிப் போட்டால் மற்றோர் உண்மை புலப்படும். 1:72 மாதிரியில் இரு பாகங்களுக்கிடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், உண்மை விமானத்தில் அது 7.2 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளவுக்குச் சமம். சாயம் 0.1 மில்லிமீட்டர் தடிமனாகப் படிந்தால், உண்மை விமானத்தின்மேல் 7.2 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சாயம் பூசியதற்கு ஒப்பாகும். மாதிரிக் கலையில் பொறுமை வலியுறுத்தப்படுவதற்கு இக்கணக்கே காரணம்.

நெகிழி மாதிரிகள் 1936-ஆம் ஆண்டில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தன. ‘ஃபிராக்’ நிறுவனம் வெளியிட்ட அவை 1:72 விகிதத்தில் அமைந்தவை. போர்க்காலத்தில் இவ்விகிதம் வேறொரு பணிக்கும் பயன்பட்டது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் 500,000 மர மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு கேட்டது. வானில் தெரியும் விமானம் நட்பு விமானமா, எதிரி விமானமா என்பதை வீரர்கள் நொடிப்பொழுதில் அடையாளம் காணப் பயிற்சி பெறுவதற்காகவே அம்மாதிரிகள் தேவைப்பட்டன. இறக்கையின் வளைவு தவறாக இருந்தால் பயிற்சியும் தவறாகிவிடும். ஆகவே, மாணவர்களின் வேலை கவனமாகச் சரிபார்க்கப்பட்டது.

போருக்குப் பின்னர், பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ், ஜப்பானின் டாமியா, ஹசேகாவா போன்ற நிறுவனங்கள் இப்பொழுதுபோக்கை உலகெங்கும் பரப்பின. ஒரு காலத்தில் ஜப்பானிய விமானங்களை எதிர்த்துப் பறந்த பஃபலோவின் மாதிரியை இன்று ஜப்பானிய நிறுவனங்களே நுணுக்கமாகத் தயாரித்து வெளியிட்டுள்ளன.

கட்டும் முறை

மாதிரிப் பெட்டியைத் திறந்தவுடன் பாகங்களைப் பிய்த்தெடுக்கக் கூடாது. முதலில் விளக்கத்தாளை முழுமையாகப் படிக்க வேண்டும். எந்தப் பாகம் எப்போது ஒட்டப்படுகிறது, எதற்கு முன்கூட்டியே சாயம் பூச வேண்டும் என்பதை அறிந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

பாகங்கள் பாலிஸ்டைரீன் என்னும் நெகிழியால் ஆனவை. உருகிய நெகிழியை உலோக அச்சினுள் அழுத்திச் செலுத்தி அவற்றை வார்க்கின்றனர். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசப்படும் எண்ணெய்ப் பசை பாகங்களில் ஒட்டியிருக்கக்கூடும். அதன்மேல் சாயம் நிற்காது. எனவே, பாகங்களைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும்.

பாகங்கள் ஒரு சட்டகத்தில் சிறு தண்டுகளால் இணைந்திருக்கும். அவற்றைக் கையால் முறித்தால் பாகத்தின் ஓரமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். வெட்டும் குறடால் தண்டைச் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சிய பகுதியைக் கூரிய சிறு கத்தியால் சீவி, மணல்தாளால் தேய்க்க வேண்டும். கத்தியை எப்போதும் விரலுக்கு எதிர்ப்புறமாகவே செலுத்த வேண்டும்.

அடுத்ததாக, பசையின்றிப் பொருத்திப் பார்த்தல் அவசியமாகும். இரு பாகங்களும் சரியாகச் சேர்கின்றனவா, எங்கே இடைவெளி உள்ளது என்பதை இந்நிலையிலேயே கண்டறியலாம். பசை காய்ந்த பின்னர்க் கண்டறியும் பிழையைத் திருத்துவது கடினம்.

விமானத்தின் உடல் இடம், வலம் என இரு பாதிகளாக வரும். அவற்றை ஒட்டுவதற்கு முன்பே விமானியின் இருக்கை, கருவிப்பலகை, கட்டுப்பாட்டுத் தண்டு ஆகியவற்றுக்குச் சாயம் பூசி உள்ளே பொருத்திவிட வேண்டும். உடல் மூடப்பட்ட பின்னர்த் தூரிகை உள்ளே நுழையாது.

நெகிழி மாதிரிக்குரிய பசை, சாதாரணப் பசையைப் போன்றதன்று. அதிலுள்ள கரைப்பான் நெகிழியின் மேற்பரப்பைச் சிறிது கரைக்கிறது. கரைந்த இரு பரப்புகளும் கலந்து, கரைப்பான் ஆவியான பின்னர் ஒரே துண்டாக இறுகுகின்றன. இது ஒட்டுவதைவிடப் பற்றவைப்பதற்கே நெருக்கமானது. ஆதலால், ஒரு துளி போதும்; மிகுதியானால் பாகமே உருக்குலையும். விமானியின் தலைக்கு மேலுள்ள ஒளிபுகும் கூண்டை ஒட்டும்போது இப்பசையைத் தவிர்ப்பது நல்லது. கண்ணாடி போன்ற அப்பாகம் மங்கிப்போகக்கூடும். பள்ளிகளில் பயன்படும் வெள்ளைப் பசையே அதற்குப் பாதுகாப்பானது.

ஒட்டிய இடங்களில் தெரியும் இடைவெளிகளை நிரப்புக் களிம்பால் அடைத்து, காய்ந்ததும் நனைத்த மணல்தாளால் தேய்க்க வேண்டும். பின்னர் மாதிரி முழுவதும் சாம்பல் நிற அடிப்பூச்சு பூசப்படும். அடிப்பூச்சு சாயத்தைப் பிடித்து நிறுத்தும். அதோடு, கண்ணுக்குத் தெரியாத கீறல்களையும் பள்ளங்களையும் வெளிப்படுத்தும். இந்நிலையில் பிழை தெரிந்தால் மீண்டும் களிம்பு, மீண்டும் மணல்தாள்.

எந்த நிறம் சரியான நிறம்?

சாயம் பூசுவதில்தான் மாதிரிக் கலைஞர் வரலாற்று ஆய்வாளராக மாறுகிறார். விமானம் என்ன நிறத்தில் இருந்தது என்பதை ஊகத்தால் முடிவு செய்ய முடியாது. மலாயாவில் எடுக்கப்பட்ட அக்காலப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றில் பச்சையும் பழுப்பும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றும். சில வகைப் படச்சுருள்களில் சிவப்பும் மஞ்சளும் கருமையாகப் பதியும். ஆகவே, படத்தோடு விமானப்படையின் நிற விதிமுறைகள், கண்டெடுக்கப்பட்ட உடைந்த பாகங்களில் எஞ்சியுள்ள சாயம் ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டியுள்ளது.

மலாயாவின் பஃபலோக்களில் வழக்கமாகக் காணப்பட்ட அமைப்பு இது: மேற்புறத்தில் கரும்பச்சையும் மண்பழுப்பும் அலையலையாக மாறி மாறி வரும், அடிப்புறம் வெளிர் வான நிறத்தில் இருக்கும். மேலிருந்து பார்க்கும் எதிரிக்கு விமானம் நிலத்தோடு கலந்து தெரியும். கீழிருந்து பார்ப்பவருக்கு வானத்தோடு கலந்து தெரியும். இவ்வமைப்பு மலாயாவின் காட்டையும் இரப்பர்த் தோட்டத்தையும் பார்த்து உருவாக்கப்பட்டதன்று. பிரிட்டனின் வயல்வெளிகளுக்காக வகுக்கப்பட்டது. ஒரு தூர நாட்டின் நிலத்தோற்றத்தைச் சுமந்தபடியே அவ்விமானங்கள் இங்கே பறந்தன.

விமானத்தின் பக்கவாட்டிலுள்ள வட்டச் சின்னமும் ஒரு செய்தியைக் கூறுகிறது. அதன் நடுவே சிவப்புப் புள்ளி இருந்தது. ஜப்பானிய விமானங்களின் சின்னமும் சிவப்பு வட்டமே. போர்க்களத்தில் ஒரு நொடிக் குழப்பமும் உயிரைப் பறிக்கும். ஆகையால், 1942 மே மாதத்தில் அமெரிக்கா தன் விமானச் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்பு வட்டத்தை நீக்கியது. ஆசியாவில் போரிட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய விமானங்களிலும் பின்னர் அச்சிவப்பு மறைந்தது. எனவே, 1942 ஜனவரியில் பறந்த பஃபலோவைக் கட்டுபவர் சிவப்புப் புள்ளியை விட்டுவிட்டால், அவருடைய மாதிரி தவறான காலத்தைக் காட்டும்.

சாயம் பூசுதலும் நிறைவு செய்தலும்

பொதுவாக வெளிர் நிறத்தை முதலிலும் அடர் நிறத்தைப் பின்னரும் பூசுவர். பஃபலோவில் அடிப்புறத்தின் வான நிறம் முதலில் வரும். அது நன்கு காய்ந்தபின் மறைப்பு நாடாவால் மூடி, மேற்புறத்தில் பழுப்பையும் அதன்பின் பச்சையையும் பூசலாம். தடித்த ஒரே பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சுகள் சிறந்தவை. தடித்த பூச்சு, பாகங்களில் செதுக்கப்பட்டுள்ள தகட்டுக் கோடுகளை மூடிவிடும்.

தொடக்கநிலை மாணவர்களுக்கு நீரில் கரையும் அக்ரிலிக் சாயமும் மென்மையான தூரிகையும் போதுமானவை. அனுபவம் பெற்றவர்கள் காற்றுத் தெளிப்பானைப் பயன்படுத்துவர். மலேசியத் தட்பவெப்பமும் கவனிக்கத்தக்கது. மழை பெய்யும் நாளில் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். அந்நேரத்தில் சிலவகைச் சாயங்களைத் தெளித்தால் பூச்சின்மேல் வெண்படலம் படரும். மழை ஓய்ந்து ஈரம் குறையும்வரை காத்திருப்பதே நல்லது. பசையும் சாயமும் காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தப்பட வேண்டும். தேய்க்கும்போதும் தெளிக்கும்போதும் முகக்கவரி அணிவது கட்டாயம்.

சின்னங்களும் எழுத்துகளும் மெல்லிய ஒட்டுப்படங்களாகப் பெட்டியில் இருக்கும். அவற்றை ஒட்டும் முன்னர் மாதிரியின்மேல் பளபளப்பான மெருகுப்பூச்சைப் பூச வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் படத்தின் அடியில் காற்று சிக்கி வெள்ளி நிறமாக மின்னும். ஒட்டுப்படத்தை நீரில் நனைத்து, தாளிலிருந்து நழுவத் தொடங்கியதும் தூரிகையால் இடத்தில் நகர்த்தி, மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பஃபலோவின் பக்கவாட்டிலுள்ள எழுத்துகள் அது எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தது எனக் கூறும். ‘டி.டி’ என்பது ஆஸ்திரேலியாவின் 453-ஆம் படைப்பிரிவையும் ‘என்.எஃப்’ என்பது நியூசிலாந்தின் 488-ஆம் படைப்பிரிவையும் குறிக்கும். இறுதியாக, பளபளப்பை நீக்கும் மங்கற்பூச்சு பூசப்படும்.

சிலர் அத்தோடு நிறுத்தாமல் புகைக்கரி, எண்ணெய்க் கசிவு, சாயம் உரிந்த தழும்பு ஆகியவற்றையும் வரைவர். புகைபோக்கியின் பின்னால் மெல்லிய கரிக்கோடு இயல்பானது. விமானி ஏறும் இடத்தில் சாயம் தேய்ந்திருப்பதும் இயல்பானதே. ஆனால், அழகுக்காக எங்கும் அழுக்கைப் பூசுவது பொருந்தாது. அவ்விமானங்களில் பல, சில மாதங்களே பறந்தன. பழுப்பேறும் அளவுக்கு அவற்றுக்கு ஆயுள் வாய்க்கவில்லை.

அடித்தட்டில் ஒரு குறிப்பு

மாதிரியைக் காட்சிக்கு வைக்கும்போது அடித்தட்டில் ஒரு சிறு குறிப்பட்டையை வைப்பது நல்ல பழக்கம். விமானத்தின் பெயர், அளவு விகிதம், படைப்பிரிவு, ஆண்டு ஆகியவற்றை அதில் எழுதலாம். எந்த நிறம் ஆதாரத்தின் அடிப்படையில் பூசப்பட்டது, எது கட்டியவரின் ஊகம் என்பதையும் குறிப்பிட வேண்டும். இவ்வொரு வரியே பொழுதுபோக்கை ஆய்வாக உயர்த்துகிறது. பின்னர் வேறு சான்று கிடைத்தால், எதைத் திருத்த வேண்டும் என்பது தெளிவாக இருக்கும்.

போர் விமானத்தின் மாதிரியைக் கட்டுவது போரைப் போற்றுவதாகாது. பஃபலோவின் வலிமையோடு அதன் குறைகளையும் அறிந்து கட்டுபவர், அதில் அமர்ந்து பறந்த அனுபவமற்ற இளைஞர்களையும், பாரிட் சூலோங்கில் வானத்தைப் பார்த்து மருந்துக்காகக் காத்திருந்த வீரர்களையும் எண்ணாமல் இருக்க முடியாது. யோங் பெங்கிலுள்ள ஒரு பள்ளியின் வரலாற்றுக் கழகம், 15 சென்டிமீட்டர்கூட இல்லாத இம்மாதிரியைப் பாரிட் சூலோங் சாலையின் வரைபடத்தோடு சேர்த்து வைத்தால், அதைக் காணும் மாணவர் தாம் நாள்தோறும் கடந்து செல்லும் சாலையை வேறு கண்ணோடு பார்ப்பார்.